பாட்டுக்கும் ஒரு ‘பார்வை’ வேண்டும்

தஞ்சாவூரில் நாங்கள் ஐந்து பேர், எல்லோரும் ஓய்வூதியக்காரர்கள். செவ்வாயும் சனியும் மாலை ஐந்து மணிக்கு ஒரு நண்பர் வீட்டுத் திண்ணையில் கூடுவோம். ஒருவர் செல்போனில் ஒரு பழைய பாட்டைப் போடுவார். அதே பாட்டை வேறொருவர் பாடியதை, அல்லது அதே மெட்டு வேறு மொழியில் வந்ததை இன்னொருவர் தேடிப் போடுவார். எது உசத்தி என்று காபி ஆறிப்போகும் வரை வாதாடுவோம். மூன்று வருடமாக இது நடக்கிறது. வீட்டுக்காரம்மாள் எங்களைப் பொறுத்துக்கொள்வதே பெரிய விஷயம்.

போன சனிக்கிழமை வினையாகிவிட்டது. ஒருவர் ‘பெசாமே மூச்சோ’ என்ற பழைய மெக்சிகோ நாட்டுப் பாட்டைப் போட்டார். அடுத்தவர், சும்மா இல்லாமல், 1964இல் வந்த ‘காதலிக்க நேரமில்லை’ படத்தின் ‘அனுபவம் புதுமை’யைப் போட்டார். எம்.எஸ்.வி. பக்தரான எங்கள் நண்பருக்கு முகம் சிவந்துவிட்டது. “மெல்லிசை மன்னரைத் திருடர் என்கிறீர்களா?” என்று கேட்டுவிட்டு எழுந்து போனவர்தான். நேற்று செவ்வாய்க்கிழமையும் வரவில்லை. யாரும் திருடர் என்று சொல்லவில்லை. ஆனால் சிரித்தோம். அது தப்பு.

அவருக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் என் கதை. நான் காரைக்காலில் பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவன். பாரீசிலிருந்து விடுமுறைக்கு வந்த உறவினர் ஒருவர் கொண்டுவந்த ரெக்கார்டில்தான் ஜானி ஹாலிடே பாடிய ‘லு பெனிதான்சியே’ கேட்டேன். சிறைக்கதவு தனக்குப் பின்னால் மூடிக்கொள்வதை ஒருவன் நினைத்து உருகுகிற பாட்டு. கேட்ட அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. கொஞ்ச நாள் கழித்து, ரேடியோவில் அதே மெட்டை ‘அனிமல்ஸ்’ என்ற இங்கிலீஷ் கோஷ்டி பாடிக் கேட்டேன். “பார்த்தாயா, நம்ம பாட்டை இங்கிலீஷ்காரன் திருடிவிட்டான்” என்று வகுப்புத் தோழனிடம் சொன்னேன். அவன் இல்லை, இங்கிலீஷ்தான் முதல் என்றான். இரண்டு பேரும் ஒரு மாதம் பேசிக்கொள்ளவில்லை.

அவன் சொன்னதுதான் சரி. இரண்டும் 1964இல் வந்தவைதான். ஆனால் அனிமல்ஸ் முந்திக்கொண்டது, ஜானி பிறகு பிரெஞ்சில் பாடினார். ஓய்வு பெற்று, மகள் செல்போன் வாங்கிக் கொடுத்த பிறகுதான் எனக்கு இது தெரிந்தது. அதற்குள் தோழன் காலமாகிவிட்டான்.

அனிமல்ஸுக்கும் அது சொந்தமில்லை. அமெரிக்காவின் பழைய நாட்டுப்பாடல் அது. ஆலன் லோமாக்ஸ் என்பவர் நாட்டுப்பாடல் சேகரிக்கப் போனபோது, 1937இல் கென்டக்கி மாநிலத்தில், ஒரு சுரங்கத் தொழிலாளியின் மகள், பதினாறு வயதுப் பெண், பாடிப் பதிவு செய்திருக்கிறார். பிறகு நியூயார்க்கில் டேவ் வான் ராங்க் என்ற பாடகர் அதற்குத் தன் பாணியில் ஒரு அமைப்புக் கொடுத்தார். அந்த அமைப்பையே பாப் டிலன் தன் முதல் இசைத்தட்டில், 1962இல், பாடிவிட்டார். அதன் பிறகு வான் ராங்க் மேடையில் பாடினால், “டிலன் பாட்டைப் பாடுகிறார்” என்றார்கள். மனம் நொந்து அந்தப் பாட்டையே விட்டுவிட்டார். அனிமல்ஸ் வந்ததும் டிலனுக்கும் அதே கதி. அனிமல்ஸிலும் ஐந்து பேர் உழைத்த பாட்டுக்கு, அமைத்தவர் என்று ஆலன் பிரைஸ் ஒருவர் பெயர்தான் போட்டார்கள். மற்றவர்களுக்கு அந்த மனத்தாங்கல் தீரவே இல்லை.

இதில் யாருக்கு எதனால் வலித்தது என்று பாருங்கள். தன் பாட்டை இன்னொருவர் பாடியதால் மட்டும் அல்ல. இது இன்னாரிடமிருந்து வந்தது என்கிற ஒரு வரி விட்டுப்போனதால் வலித்தது.

முப்பத்திரண்டு வருடம் எழுத்தராக இருந்தவன் நான். அரசாங்கக் கடிதத்தில் ‘பொருள்’ என்று ஒரு வரி இருக்கும். அதன் கீழே ‘பார்வை’ என்று ஒரு வரி இருக்கும். எந்த ஆணையை, எந்தக் கடிதத்தை வைத்து இதை எழுதுகிறோம் என்பது அதில் வரும். பார்வை போடாத கடிதத்தை எந்த மேலாளரும் திருப்பி அனுப்பிவிடுவார். பார்வை போட்டதால் கடிதம் எழுதியவனுக்கு மதிப்புக் குறைந்ததாக நான் பார்த்ததில்லை.

நம் சங்கீதத்தில் இது இருக்கிறது. கச்சேரியில் பாடுவது பெரும்பாலும் இன்னொருவர் செய்த உருப்படிதான். தியாகராஜரையோ சியாமா சாஸ்திரிகளையோ பாடும் வித்வானை ‘காப்பி’ என்று யாரும் சொல்வதில்லை. சரணத்தில் முத்திரை வந்துவிடுகிறது, கணக்கு நேராகிவிடுகிறது. அதற்கு மேல் ஆலாபனையும் நிரவலும் ஸ்வரமும் பாடுகிறவருடையவை.

வெள்ளைக்காரன் மெட்டை எடுப்பதும் இந்த மண்ணுக்குப் புதிதில்லை. 1798 முதல் 1832 வரை ஆண்ட நம் இரண்டாம் சரபோஜி மகாராஜா அரண்மனையிலேயே மேல்நாட்டு பேண்டு வைத்திருந்தார். திருவாரூரில் பிறந்த முத்துஸ்வாமி தீட்சிதர், இளம் வயதில் சென்னைக் கோட்டையில் கேட்ட பேண்டு மெட்டுகளுக்கு சமஸ்கிருதத்தில் சாகித்யம் செய்தார். நோட்டுஸ்வரம் என்பது அதுதான். ‘சந்ததம் பாஹிமாம்’ இங்கிலாந்து ராஜாவைக் காப்பாற்றச் சொல்லும் தேசிய கீதத்தின் மெட்டு. ‘சக்தி ஸஹித கணபதிம்’ ஒரு பிரெஞ்சு நடனப் பாட்டின் மெட்டு என்கிறார்கள். இதைக் கேள்விப்பட்டபோது எனக்கு இருந்த பெருமையைச் சொல்லி முடியாது. தீட்சிதர் பார்வை போட்டாரா என்று கேட்கலாம். கோட்டைச் சிப்பாய் தினமும் ஊதுகிற மெட்டு. ஊருக்கே தெரிந்ததை யாரிடம் மறைக்க? அந்த மெட்டில் அவர் ஏற்றியது அம்பாளையும் பிள்ளையாரையும். அது அவருடையது.

பார்வையைச் சரியாகப் போட்ட பாட்டும் உண்டு. 1967இல் குளோத் பிரான்சுவா பாடிய ‘கொம் தாபித்யூத்’, அன்பு வற்றிப்போன ஒரு தம்பதியின் அன்றாடத்தைச் சொல்வது. பால் அன்கா அதே மெட்டுக்கு இங்கிலீஷில் முற்றிலும் வேறு வார்த்தை எழுதினார். ஒரு கிழவர் தன் வாழ்க்கையைத் திரும்பிப் பார்ப்பதாக, ‘மை வே’ என்று 1969இல் பிராங்க் சினாட்ரா பாடி உலகம் முழுக்கப் போனது. அதில் பிரெஞ்சுக்காரர்கள் பெயரும் இருக்கிறது. யாருக்கும் நஷ்டமில்லை. நான் இரண்டையும் கேட்பேன், ஒன்றுக்காக மற்றதைக் குறைத்துப் பேச மாட்டேன்.

இப்போது எம்.எஸ்.வி.க்கு வருகிறேன். 1965இல் ‘ஜான்வர்’ என்ற ஹிந்திப் படத்தில் பீட்டில்ஸ் பாட்டு ஒன்றை மெட்டு மாறாமல் அப்படியே வைத்தார்கள். ‘அனுபவம் புதுமை’ அந்த ரகம் அல்ல. பெசாமே மூச்சோவின் சாயல் இருக்கிறது, காது இருப்பவருக்குத் தெரியும். ஆனால் அந்த அசைவை எடுத்துக்கொண்டு அவர் கட்டியது வேறு வீடு. அந்த நாளில் சினிமா இசைத்தட்டில் இதற்கெல்லாம் ஒரு வரி போடும் வழக்கம் இல்லை. குறை அந்த வழக்கத்தில்தான். போட்டிருந்தால் அவர் எவ்வளவு தூரம் காது கொடுத்துக் கேட்டவர் என்று நமக்கு இன்னும் முன்னாலேயே தெரிந்திருக்கும்; மதிப்பு ஏறியிருக்குமே தவிர இறங்கியிருக்காது.

அதனால் திண்ணைக்கு ஒரு விதி வைக்கலாம் என்பது என் யோசனை. பாட்டைப் போடுகிறவர், பாடியவர் யார், முதலில் செய்தவர் யார் என்று ஒரு வரி சொல்லிவிட்டுப் போட வேண்டும். ‘காப்பி’ என்ற சொல் வேண்டாம். குடிக்கிற காபி போதும்.

சார், சனிக்கிழமை வாருங்கள். ‘அனுபவம் புதுமை’யை நீங்களே போடுங்கள். இந்தத் தடவை யாரும் சிரிக்க மாட்டோம்.