எக்காளமா, விளக்கா?



மோர்டென்ஸ்ருட்டில் வாழும் நம் இளையோர், தாயகத்துப் பிள்ளைகளின் கல்விக்கு நிதி திரட்ட ஒரு மெல்லிசை மாலை நடத்தவிருக்கின்றனர். பழைய திரைப்பாடல்களை நம்மவரே பாடி, நம்மவரே வாத்தியம் இசைக்கும் அந்நிகழ்வை ஆவணப்படமாக்கவும் விரும்புகின்றனர். “கொடுப்பதைப் படம் பிடித்துக் காட்டலாமா, சுவாமி?” என்று பெரியவர் சிலர் என்னிடம் வினவினர்.

அவர்களின் தயக்கம் நியாயமானது. தர்மம் செய்யும்போது எக்காளம் ஊதலாகாது என்று ஆண்டவர் மலைப்பொழிவில் போதித்தார். விளக்கை ஏற்றி மூடிவைக்கலாகாது என்பதையும் அதே பொழிவில்தான் போதித்தார். இரண்டையும் சேர்த்து வாசித்தால், காட்டலாமா என்பதைவிட யாரை, எதற்காகக் காட்டுகிறோம் என்பதே கேள்வியாகிறது.

மாற்கு நற்செய்தியின் 12ஆம் அதிகாரத்தில், காணிக்கைப் பெட்டிக்கு எதிரே அமர்ந்து, மக்கள் காசு போடுவதை இயேசு கவனிக்கிறார். செல்வர் பலர் மிகுதியாகப் போட்டும், அவர் சீடரை அழைத்துக் காட்டியது இரண்டு காசு போட்ட ஏழைக் கைம்பெண்ணை. ஆகவே கொடையைக் காண்பதும் காட்டுவதும் குற்றமன்று. ஆனால் நற்செய்தியாளர் அவளுடைய பெயரை எழுதவில்லை. அவளுடைய வறுமையை விரித்துரைத்து நம்மை அழவைக்கவும் இல்லை. நம் படத்துக்கு இதைவிடச் சிறந்த வழிகாட்டி வேண்டியதில்லை.

நிதிக்காக நடந்த இசைநிகழ்ச்சி படமாவது புதிதன்று. 1971 ஓகஸ்ட் 1 அன்று, வங்காளதேச அகதிகளுக்காக ரவிசங்கரும் ஜோர்ஜ் ஹரிசனும் நியூயோர்க்கில் நடத்திய நிகழ்ச்சி, அடுத்த ஆண்டே திரைப்படமாக வெளிவந்தது. ரவிசங்கர் குழுவினர் சுருதி சேர்த்து முடித்ததும், அதையே கச்சேரி என்று எண்ணி மக்கள் கைதட்டும் காட்சி அதில் உண்டு. அதை வெட்டாமல் விட்டதே அப்படத்தின் நேர்மை. எனினும் வரிவிலக்குக்கான ஏற்பாடுகள் முன்கூட்டியே செய்யப்படாததால், இசைத்தட்டிலும் படத்திலும் கிடைத்த பணத்தின் பெரும்பகுதி பல ஆண்டுகள் முடங்கிக் கிடந்தது. இசை உடனே உலகெங்கும் சென்றது. பசித்தவரிடம் பணம் பிந்தியே சென்றது.

நோர்வேயின் என்.ஆர்.கே. தொலைக்காட்சி 1974 முதல் நடத்திவரும் ஆண்டு நிதிசேகரிப்பை நீங்கள் அறிவீர்கள். பணம் எந்த அமைப்புக்கு, எந்தப் பணிக்கு என்று முன்னதாகவே அறிவித்த பின்னரே உண்டியல்கள் வீடுவீடாக வருகின்றன. நம் படத்திலும் வரவும் செலவும், சேரவேண்டிய இடத்தில் சேர்ந்த தொகையும் ஒளிவின்றி இடம்பெற வேண்டும்.

பாடல்களை ஆக்கியோரையும் மறக்கலாகாது. மேடையில் பாடுவதற்கான உரிமத்தை இந்நாட்டில் தோனோ நிறுவனம் வழங்குகிறது. அதே பாடலைப் படத்தில் சேர்ப்பதற்கு உரிமையாளரின் தனி அனுமதி வேண்டும். ஒருவருக்கு உரியதைக் கொடாமல் இன்னொருவருக்கு ஈவது தர்மமாகாது. நீதி முந்தியது, ஈகை பிந்தியது.

எல்லாவற்றிலும் மேலாக, உதவி பெறும் பிள்ளையின் முகம். தன் படம் வெளியிடப்பட ஒருவரின் இசைவு வேண்டும் என்பது இந்நாட்டுச் சட்டம். நம் பிள்ளைகளின் படத்தைப் பள்ளி வெளியிடுமுன் நம்மிடம் ஒப்புதல் கேட்கிறது. அந்த மதிப்பு வன்னியில் வாழும் பிள்ளைக்கும் உரியதன்றோ? நாம் அனுப்பும் பணம் ஓராண்டில் செலவாகிவிடும். இணையத்தில் ஏற்றிய கண்ணீர் முகமோ, அப்பிள்ளையின் திருமண நாளிலும் அங்கேயே இருக்கும். அகதியாக வரிசையில் நின்ற நம்மில் பலருக்கு இதை விளக்கவேண்டியதில்லை.

அப்படியானால் எதைப் படம் பிடிப்பது? இரவுவேலை முடித்து ஒத்திகைக்கு வருபவரை, சமையலறையில் வடை சுடும் தாய்மாரை, தமிழ் எழுத்துகளைக் கூட்டிக் கூட்டி வாசித்துப் பாட்டுப் பழகும் இங்கே பிறந்த பிள்ளையைப் படம் பிடியுங்கள். சுருதி பிசகினால் அதையும் வெட்டாதீர்கள். 2002இல் கட்டப்பட்ட நம்மூர் லூதரன் தேவாலயத்தைப் பாருங்கள்: நிலத்தில் கிடந்த பாறையை முற்றாக அகற்றாமல், தளத்தின் நடுவே தெரியும்படி விட்டிருக்கிறார்கள். அது ஆலயத்தின் அழகைக் குறைக்கவில்லை.

ஆகவே இளையோரே, படத்தை எடுங்கள். நன்கொடையாளரின் பெயர்ப்பட்டியலால் அதை நிரப்பாதீர்கள். பெறுபவரின் கண்ணீரால் அதை விற்காதீர்கள். திரையிடும் நாளில் உதவி பெற்ற பிள்ளையே முன்வரிசையில் அமர்ந்திருந்தாலும், தலைகுனியாமல் பார்க்கக்கூடிய படமாக அது அமையட்டும்.

இறைவன் உங்கள் முயற்சியை ஆசீர்வதிப்பாராக.