இரவல் கண்கள்

2005 ஜூலை 26 அன்று மும்பை சாந்தாகுரூஸில் 24 மணி நேரத்தில் 944 மில்லிமீட்டர் மழை கொட்டியது. அதே நாளில் நகரின் தென்கோடியான கொலாபாவில் பதிவான மழை 75 மில்லிமீட்டரைக்கூடத் தொடவில்லை. வடக்கே வீடுகள் மூழ்கிக்கொண்டிருந்தபோது தெற்கே அது வழக்கமான ஒரு மழைநாள். இடைப்பட்ட பகுதிகளில், மித்தி ஆற்றுக்குத் தண்ணீர் அனுப்பும் தெருக்களில், அந்த மணிநேரத்தில் எவ்வளவு பெய்கிறது என்று உடனுக்குடன் சொல்லக்கூடிய மழைமானிகள் மாநகராட்சியிடம் இல்லை.

அறிக்கை மட்டும் இருந்தது. 1985 வெள்ளத்துக்குப் பிறகு ஆலோசனை நிறுவனம் ஒன்றை அமர்த்தி, ‘பிரிம்ஸ்டோவாட்’ என்ற மழைநீர் வடிகால் திட்டத்தை 1993-இல் வாங்கி வைத்திருந்தார்கள். மணிக்கு 25 மி.மீ. மழையை மனத்தில் வைத்து ஆங்கிலேயர் காலத்தில் கட்டப்பட்ட வடிகால்களை, 50 மி.மீ. தாங்கும்படி மாற்ற வேண்டும் என்றது அது. குறையைச் சரியாகவே சுட்டிய அறிக்கைதான். பணம் இல்லை என்று பன்னிரண்டு ஆண்டுகள் அலமாரியில் கிடந்தது. எழுதியவர்கள் ஊதியம் வாங்கிக்கொண்டு அடுத்த வேலைக்குப் போய்விட்டார்கள். அதில் அவர்கள் தவறு எதுவும் இல்லை. ஒப்பந்தம் என்றால் அப்படித்தான். ஆண்டுதோறும் ஜூன் மாதத்தில் அந்த அறிக்கையைக் கையில் எடுத்துக்கொண்டு, “இது என்ன ஆயிற்று?” என்று கேட்க வேண்டிய ஆள் மாநகராட்சிக்குள் இல்லாமல் போனதுதான் கேடு.

நம் நகரங்களில் ஒரு நம்பிக்கை வேரூன்றிவிட்டது. “மாநகராட்சிக்காரர்களுக்கு இதெல்லாம் தெரியாது, வெளியிலிருந்து கன்சல்டன்டைக் கொண்டுவந்தால் சரியாகிவிடும்” என்று உயர் அதிகாரிகளும் சொல்கிறார்கள், வெள்ளத்தில் கார் மூழ்கியவரும் சொல்கிறார். வடிகாலை வடிவமைக்கும் வேலையோடு அது நிற்பதில்லை. வடிகாலில் என்ன ஓடுகிறது, எங்கே தேங்குகிறது, எந்த மதகு அடைத்துக்கொண்டது என்று ஆண்டு முழுவதும் பார்த்துக்கொண்டிருக்கும் வேலையையும் வெளியாளிடம் கொடுத்துவிடலாம் என்று நினைக்கிறார்கள். முதலாவதை வெளியே கொடுக்கலாம். இரண்டாவதைக் கொடுத்தால், தன் கண்ணைப் பிறரிடம் கொடுத்துவிட்டு வழி கேட்கும் நிலைக்கு ஒரு நகரம் வந்துவிடும்.

சென்னையை எடுத்துக்கொள்ளலாம். 2011-இல் இந்த மாநகராட்சியின் பரப்பு 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 சதுர கிலோமீட்டராக விரிந்தது. நகராட்சி, பேரூராட்சி, ஊராட்சி என்று 42 உள்ளாட்சிகள் கரைந்து இதற்குள் வந்தன. எந்த ஏரியின் கலங்கல் எந்தப் பக்கம், உபரிநீர் யார் மனை வழியாகப் போகும் என்று அந்தந்த ஊரில் சிலருக்கு மனப்பாடமாக இருந்தது. இணைப்பில் எல்லைகள் கைமாறின. அந்த அறிவைப் பதிவுசெய்து வைக்க யாரும் பொறுப்பேற்கவில்லை. 2015 வெள்ளத்துக்குப் பிறகு பெரும்பணம் வந்தது. கொசஸ்தலையாற்றுப் படுகைக்கு ஆசிய வளர்ச்சி வங்கி 2021-இல் 25.1 கோடி டாலர் கடனுக்கு ஒப்புதல் தந்தது. கோவளம் படுகைக்கு ஜெர்மனியின் கே.எஃப்.டபிள்யூ. வங்கி வந்தது. அடையாறு, கூவம் படுகைகளில் உலக வங்கிப் பணம். இப்படிப்பட்ட கடன்களோடு விரிவான திட்ட அறிக்கை எழுத ஓர் ஆலோசகர், பணியை மேற்பார்வையிட இன்னோர் ஆலோசகர் என்று கூடவே வருவார்கள். கட்டி முடிக்கும்வரை அவர்கள் இருப்பார்கள். கட்டி முடித்த வடிகால் அடுத்த ஐம்பது ஆண்டு இருக்கும்.

வடிகாலைக் கண்காணிப்பது என்றால் என்ன என்பதிலேயே பலருக்குத் தெளிவில்லை. கால்வாயின் சுவரில் நீர்மட்டம் அளக்கும் கருவியைப் பொருத்தி, எண்ணைக் கட்டுப்பாட்டு அறையின் திரையில் காட்டிவிட்டால் வேலை முடிந்தது என்று நினைக்கிறார்கள். அங்கேதான் வேலை தொடங்குகிறது. கருவியின் அடியில் சகதி படியும்; நெகிழிப்பை வந்து மாட்டும்; நுரை மிதந்தால் மேலிருந்து ஒலியால் அளக்கும் கருவி நுரையைத் தண்ணீர் என்று எண்ணிக்கொள்ளும். கருவி சரியாகவே அளந்தாலும் அந்த எண் மட்டும் ஒன்றும் சொல்லாது. ஒரே இரண்டடி நீர்மட்டத்துக்கு, தூர்வாரிய கால்வாயில் ஓடும் தண்ணீர் வேறு, பாதி வண்டல் நிரம்பிய கால்வாயில் ஓடும் தண்ணீர் வேறு. கூவமும் அடையாறும் கடலில் சேரும் முகத்தில் மணல்மேடு அடைத்திருக்கிறதா, அந்த நேரம் கடல் ஏற்றமா வற்றமா என்று தெரியாமல், சைதாப்பேட்டையில் ஏறும் மட்டத்துக்குப் பொருள் சொல்ல முடியாது. இதையெல்லாம் சேர்த்துப் படிக்கத் தெரிந்த ஆள் ஒரு பருவத்தில் உருவாகிவிடுவதில்லை. ஐந்தாறு ஐப்பசி, கார்த்திகைகளை அதே கால்வாய்க் கரையில் கழித்தவர்தான் எண்ணைப் பார்த்ததும் “இது மழைத் தண்ணீர் அல்ல, எங்கேயோ அடைப்பு” என்று சொல்வார். மூன்றாண்டு ஒப்பந்தத்தில் அவர் தேறும் வேளையில் ஒப்பந்தம் முடிந்துவிடும். அடுத்து வருபவர் அரிச்சுவடியிலிருந்து தொடங்குவார்.

மழை இல்லாத காலத்திலும் இந்த வேலை இருக்கிறது. சித்திரை வெயிலில் மழைநீர் வடிகாலில் தண்ணீர் ஓடுகிறது என்றால் யாரோ கழிவுநீர்க் குழாயை அதில் சேர்த்திருக்கிறார்கள் என்று பொருள். அதை மூடியைத் திறந்து, மேல்நோக்கி ஒவ்வொரு தொட்டியாகப் பார்த்துப் போய்க் கண்டுபிடிக்க வேண்டும். கண்டுபிடித்த வீட்டுக்கோ விடுதிக்கோ நோட்டீஸ் கொடுக்க வேண்டும். ஆலோசகரால் அறிக்கையில் ஒரு வரி எழுத முடியும். நோட்டீஸ் கொடுக்க முடியாது.

2021 நவம்பர் 7 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் நுங்கம்பாக்கத்தில் 21 செ.மீ. மழை பதிவானது. தியாகராய நகர் நாள்கணக்கில் தண்ணீரில் நின்றது. ஸ்மார்ட் சிட்டி திட்டத்தில் மாம்பலம் கால்வாயைச் சீரமைக்கும் வேலை அப்போது நடந்துகொண்டிருந்தது. இடிபாடுகள் கால்வாய்க்குள்ளேயே கிடந்தது வெள்ளத்துக்கு முக்கியக் காரணமாகச் சொல்லப்பட்டது. திட்டத்தை ஆராய ஓய்வுபெற்ற ஐ.ஏ.எஸ். அதிகாரி ஒருவரின் தலைமையில் அரசு விசாரணை அமைத்தது. கால்வாய்க்குள் இடிபாடு கிடப்பதைக் கண்டறிய எந்த மென்பொருளும் தேவையில்லை. பருவமழைக்கு முன் கரையோடு ஒருமுறை நடந்தால் போதும். ஆனால் நடந்து பார்ப்பதும், “இன்றே இதை அள்ளு” என்று உத்தரவிடுவதும், அள்ளவில்லை என்றால் பதில் சொல்வதும் ஒரே ஆளின் வேலையாக இருக்க வேண்டும். இந்த மூன்றையும் ஒப்பந்தத்தாளில் மூன்று பேருக்குப் பிரித்துக் கொடுத்தால், இடிபாடு இருந்த இடத்திலேயே இருக்கும்.

“2015-இல் செம்பரம்பாக்கம் ஏரியை அரசுப் பொறியாளர்கள்தானே பார்த்துக்கொண்டிருந்தார்கள்?” என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி, தட்டிக்கழிக்கக் கூடாது. அந்த ஆண்டு டிசம்பரில் ஏரியிலிருந்து வினாடிக்கு 29,000 கன அடிவரை தண்ணீர் திறக்கப்பட்டது. 2018-இல் சட்டமன்றத்தில் வைக்கப்பட்ட தணிக்கை அறிக்கை, அந்த வெள்ளத்தை மனிதர்கள் உண்டாக்கிய பேரிடர் என்றே சொன்னது. நீர்வரத்தை முன்கூட்டிக் கணிக்கும் ஏற்பாடும், அவசரகாலச் செயல்திட்டமும் இல்லாததை அது குறையாகக் காட்டியது. அதாவது, அளவுகோலைப் பார்க்க லஸ்கர் என்ற ஏரி ஊழியர் இருந்தார். ஷட்டரைத் திறக்க ஆள் இருந்தார். அடுத்த பத்து மணி நேரத்தில் ஏரிக்கு எவ்வளவு வரும் என்று கணக்கிட்டுச் சொல்லும் ஏற்பாடு துறைக்குள் இல்லை. இல்லாத திறமையைத் துறைக்குள்ளேயே வளர்க்க வேண்டும் என்பதுதான் இதற்கு மருந்து. அதையும் வெளியே கொடுத்துவிட்டால், அடுத்த நள்ளிரவில் ஷட்டரைத் திறப்பவர் யாருக்கோ தொலைபேசியில் அழைத்துக்கொண்டிருப்பார்.

வெளியாள் என்றால் நடுநிலையோடு சொல்வார் என்பது இன்னொரு வாதம். ஆலோசகருக்குக் கட்டணம் தருவதும், அவருடைய அறிக்கையைப் பெற்றுப் பூட்டிவைக்கும் உரிமை பெற்றிருப்பதும் அவர் மதிப்பிட வேண்டிய அதே அமைப்புதான். நடுநிலை வருவது பதிவுகளைத் திறந்து வைப்பதால். 2021 வெள்ளத்துக்குப் பிறகு, வெள்ளத் தணிப்புக்கு யோசனை சொல்ல அமைந்த திருப்புகழ் குழு தன் இறுதி அறிக்கையை 2023 மார்ச்சில் முதலமைச்சரிடம் கொடுத்தது. அந்த டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது அதைப் படித்துப் பார்க்கும் வாய்ப்பு மக்களுக்கு இல்லை. வடிகால் வேலை எவ்வளவு முடிந்தது என்பதில்கூடப் பேச்சுக்குப் பேச்சு கணக்கு மாறியது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடிகால் வேண்டாம், எங்கள் மணல் மழையை உறிஞ்சிக்கொள்ளும் என்று குடியிருப்பவர்கள் பசுமைத் தீர்ப்பாயம்வரை போனார்கள். அப்படிப்பட்ட வழக்கை முடித்துவைக்கக்கூடிய சான்று, அந்த மணலில் ஆண்டுக்கணக்கில் அளந்த நிலத்தடி நீர்மட்டமும் மழையளவும்தான். அந்தப் பதிவை வைத்துக்கொள்வது நகரத்தின் கடமை.

சிங்கப்பூரில் 2010 ஜூன் 16 அன்று ஆர்ச்சர்ட் சாலை மூழ்கியது. நிபுணர் குழுவை அவர்களும் அமைத்தார்கள், அதன் யோசனைகளைக் கேட்டார்கள். ஸ்டாம்ஃபோர்ட் கால்வாய்க்கு மாற்றுக் கால்வாயும் தேக்கத்தொட்டியும் கட்டி 2018-இல் முடித்தார்கள். ஆனால் நாடெங்கும் கால்வாய்களில் இருக்கும் நீர்மட்டக் கருவிகளைப் பொறுப்பில் வைத்திருப்பது பி.யு.பி. என்ற அவர்களின் பொதுநீர் வாரியம். மட்டம் ஏறினால் குடிமக்களின் கைப்பேசிக்கு எச்சரிக்கை போகிறது. மும்பையும் பட்ட பிறகு இதைத்தான் செய்தது. 2006-இலிருந்து தீயணைப்பு நிலையங்களின் மாடிகளில் தானியங்கி மழைமானிகளை வைக்கத் தொடங்கியது. ஐ.ஐ.டி. பேராசிரியர்கள் வழிகாட்டினார்கள், பதிவு வந்து சேர்ந்தது மாநகராட்சியின் கட்டுப்பாட்டு அறைக்கு. தீயணைப்பு நிலையம் நல்ல தேர்வு. அங்கே இரவும் பகலும் ஆள் இருப்பார்கள்.

சென்னையில் ஆள் போதவில்லை என்பது உண்மைதான். ஓர் உதவிப் பொறியாளர் சாலை, கட்டடம், வடிகால் எல்லாவற்றையும் சுமக்கும்போது கால்வாய்க் கரையில் நடக்க நேரம் எங்கே இருக்கும்? அதற்காகத்தான் கண்காணிப்புக்கென்றே நிரந்தரமான தனிப் பிரிவு வேண்டும். நீரியல் படித்த இளைஞர்களை எடுத்து, பத்தாண்டாவது அதே படுகையில் வைத்திருக்க வேண்டும். ஆலோசகரை அழைப்பதானால், அவர் உருவாக்கும் கணினி மாதிரியை அந்தப் பிரிவின் பொறியாளர் தனியாக ஓட்டிக் காட்டிய பிறகே கடைசித் தவணைப் பணம் என்று டெண்டரிலேயே எழுதலாம். மாதிரியும், மூலப் பதிவும், கருவியின் கடவுச்சொல்லும் மாநகராட்சியின் சொத்து என்றும் எழுதலாம். ஒவ்வொரு கருவியின் பதிவும் அக்டோபர் முதல் தேதியிலிருந்து வார்டுவாரியாக எல்லோரும் பார்க்கும்படி வெளிவர வேண்டும். பழுதான கருவி எது, எத்தனை நாளாகப் பழுது என்பதும் சேர்த்து. வேளச்சேரியில் தரைத்தளத்து வீட்டுக்கு முன்பணம் கொடுக்கப் போகிறவர், அந்தத் தெருவில் போன மூன்று கார்த்திகையிலும் தண்ணீர் எவ்வளவு ஏறியது என்று பார்த்துவிட்டுக் கொடுக்கட்டும்.