கோட்டையும் தறியும்

இருங்காட்டுக்கோட்டை என்னும் ஊர்ப்பெயரைப் பிரித்துப் பொருள் கொண்டால் பெருங்காடும் கோட்டையும் நம் மனக்கண்முன் தோன்றும். இன்று அங்குச் செல்வோர் காண்பனவோ தொழிற்சாலைகள். தென்கொரிய நாட்டு ஹூண்டாய் நிறுவனம் அவ்வூரில் அமைத்த ஆலையில் 1998ஆம் ஆண்டு முதல் மோட்டார் வண்டிகள் உருவாகி வருகின்றன. வேலை முடிந்து பெருஞ்சாலையில் பேருந்திற்குக் காத்துநிற்கும் இளைஞர் கூட்டத்தைக் காணுந்தோறும், முன்னொரு காலத்தில் கடல் கடந்து வந்த வேறொரு வணிகக் கூட்டத்தின் வரலாறு என் நினைவிற்கு வருவதுண்டு. மாணவர்களே, அவ்வரலாற்றை நீங்களும் அறிதல் வேண்டும்.

கி.பி. 1600ஆம் ஆண்டின் இறுதி நாளில் ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனி தன் நாட்டு அரசியாரிடம் பட்டயம் பெற்றது. 1607இல் ஆங்கிலேயருள் வேறொரு சாரார் மேற்கே சென்று, அமெரிக்கக் கரையில் ஜேம்ஸ்டவுன் என்னும் குடியேற்றத்தை நிறுவினர். தொடக்க ஆண்டுகளில் அவர்களுட் பலர் பசியாலும் பிணியாலும் மாண்டனர். அந்நாட்டுப் பழங்குடி மக்களிடம் பெற்ற மக்காச்சோளமே எஞ்சியோர் உயிரைப் பல சமயம் காத்தது. பின்னாளில் அப்பழங்குடியினரே தம் நிலத்தை இழந்தனர். கிழக்கே வந்தவரோ உழுதுண்டு வாழ வந்தவரல்லர், வணிகர். அவர்கள் நாடியது நம் நாட்டுப் பருத்தித் துணியை.

1639ஆம் ஆண்டு, பிரான்சிசு டே என்னும் கம்பெனி ஊழியர், இக்கரையை ஆண்ட தாமர்ல வேங்கடாத்திரி நாயக்கரிடம் சிறு கடற்கரைப் பகுதியொன்றைப் பெற்றார். கோட்டை கட்டவும், நாணயம் அடிக்கவும், அவ்விடத்தை ஆளவும், துறைமுகச் சுங்கத்தில் பாதியைக் கொள்ளவும் நாயக்கர் உரிமை தந்தார். அவர் அறியாமையாற் கொடுத்தாரல்லர். தம் நாட்டில் வாணிகம் பெருகும், பாரசீகக் குதிரைகள் கிடைக்கும் எனக் கணக்கிட்டே கொடுத்தார். 1640இல் புனித ஜார்ஜ் கோட்டையின் வேலை தொடங்கியது.

அவ்விடத்தில் நல்ல துறைமுகம் இருந்ததோ எனின், இல்லை. கப்பல்கள் கரையை அணுக மாட்டா. மசூலாப் படகுகளே அலைகளைக் கடந்து ஆட்களையும் பொதிகளையும் ஏற்றி இறக்கின. அங்ஙனமாயின் அவர்கள் அவ்விடத்தை விரும்பியது ஏன்? பிற இடங்களினும் மலிவாக நல்ல துணி அங்குக் கிடைத்தமையே காரணம். ஆகவே, கோட்டை தறியை அழைத்து வரவில்லை. தறியே கோட்டையை வரவழைத்தது என்பது என் துணிபு.

பின்னர் வளர்ந்த நகரமும் இதற்குச் சான்று கூறும். நெசவாளரும், சாயமிடுவோரும், துணி வெளுப்போரும், துபாஷிகளும் கோட்டையைச் சுற்றிக் குடியேறினர். 1734இல் நெசவாளர்க்கென அமைக்கப்பட்ட சிந்தாதிரிப்பேட்டை, சின்னத் தறிப்பேட்டை என்னும் பெயரின் திரிபு என்பர். துணி வெளுத்தோர் வாழ்ந்த இடம் வண்ணாரப்பேட்டை ஆயிற்று. ஆளுநர்களின் பெயர்கள் ஏட்டில் உள்ளன. அத்தறிகளில் அமர்ந்தோரின் பெயர்களை யார் எழுதிவைத்தார்?

கடற்கரையில் ஊன்றிய கால் அங்கேயே நிற்கவில்லை. 1763இல் ஆர்க்காட்டு நவாபு முகம்மது அலி, செங்கற்பட்டுச் சீமையைக் கம்பெனிக்கு சாகீராக வழங்கினார். சிறு மணற்கரையைப் பெற்றவர், 124 ஆண்டுகளில் நம் ஏரிகளும் வயல்களும் அடங்கிய சீமைக்கே உரியவராயினர். 1780இல் காஞ்சிபுரத்தை அடுத்த பொள்ளிலூரில் கம்பெனிப் படை ஐதர் அலியின் படையிடம் தோற்றது. அப்போரில் வென்றவர் ஒருவர், தோற்றவர் ஒருவர்; பாழானவையோ இவ்வட்டாரத்து ஊர்கள். 1801இல் கருநாடக நாட்டின் ஆட்சி முழுவதும் கம்பெனியின் கைக்குச் சென்றது. தறிகளின் நிலை என்ன? முன்பணம் கொடுத்து நெசவாளரைத் தன் பிடியில் வைத்த கம்பெனியின் கொள்முதலும் நாளடைவில் குன்றியது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் ஆலைத்துணி இங்கு வந்து குவிந்தபோது, தறிகள் பல ஓய்ந்தன.

'இடத்தைக் கொடுத்தால் மடத்தைப் பிடுங்குவான்' என்று நம்மவர் சொல்வர். இவ்வரலாற்றைக் கேட்டவுடன் அப்பழமொழியைக் கூறி அமைந்துவிடுவோர் பலர். அஃது அரை உண்மையே என்பேன். வந்தவர்க்கு இடம் தருதல் தமிழர்க்குப் புதிதன்று. புகாரும் முசிறியும் பிறநாட்டு வணிகரை வரவேற்ற பட்டினங்களே. இடம் கொடுத்தது பிழையன்று. இடத்தோடு கோட்டையையும், நாணயத்தையும், ஆட்சியையும் கொடுத்ததே பிழை. உழைத்த கைகள் தம் உழைப்பிற்கு விலை கூறும் வலிமையை இழந்தது அதனினும் பெரிய இழப்பு.

இன்று நம்மிடையே ஆலை அமைத்திருப்போரை அன்றைய கம்பெனியாரோடு ஒன்றாக எண்ணுதல் முறையன்று. இவர்கள் நம் சட்டத்திற்கு உட்பட்டவர்கள். வழக்கு எழுந்தால் நம் நீதிமன்றத்தில் நிற்பவர்கள். இவ்வேறுபாடு நமக்கு எளிதில் கிடைத்ததன்று. விடுதலைக்குப் பாடுபட்டோர் ஈட்டித் தந்தது. அதைக் காப்பது உங்கள் தலைமுறையின் கடன்.

ஆதலின் மாணவர்களே, புதியோரைக் கண்டு அஞ்சவும் வேண்டா. அவர்தம் பொருளைக் கண்டு மயங்கவும் வேண்டா. ஓர் உடன்படிக்கை உங்கள் முன் வைக்கப்படுமாயின், அதில் வரும் ஊதியத்தை மட்டும் நோக்காமல், விட்டுக்கொடுக்கும் உரிமை யாது என்பதையும் நோக்குங்கள். வேங்கடாத்திரி நாயக்கர் குதிரைகளைக் கணக்கிட்டார். கோட்டையைக் கணக்கிட மறந்தார். கையொப்பம் இடுமுன் எழுத்தைப் படித்துப் பொருள் உணர்வதற்கே நீங்கள் கல்வி கற்கின்றீர்கள் என்பதை மறவாதீர்கள்.