கூடலூர் வயலுக்கும் ஒரு கணக்கு

ஆசிரியர் அவர்களுக்கு,

பிலிப்பைன்ஸிலுள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தார், நெல்லின் ரகம், நடவுத் தேதி, சென்ற போகத்து மகசூல் முதலியவற்றைக் கேட்டறிந்து, அந்த ஒரு வயலுக்கென்றே தழை, மணி, சாம்பல் சத்துகளின் அளவையும் இடவேண்டிய காலத்தையும் கூறும் கணினிச் சாதனத்தை 2013-லேயே அந்நாட்டு உழவருக்கு அளித்தார்கள். நம் தமிழ்நாட்டிலும் 2018 முதல் வேளாண் தகவல்களைக் கைப்பேசியில் தரும் 'உழவன்' செயலி இருக்கிறது. யூரியாவை அள்ளி வீசிப் பயிரைச் சாய்த்துக் குலைநோயையும் வரவழைத்துக்கொள்வோருக்கு இத்தகைய யோசனை பெரும் பிரயோஜனமே.

ஆயினும், தஞ்சை மண்ணை மனத்திற்கொண்டு வகுக்கும் சிபாரிசு, தென்மேற்குப் பருவமழை இட்ட உரத்தைக் கரைத்துக்கொண்டு ஓடும் எங்கள் நீலகிரி மாவட்டக் கூடலூர்ப் பிரதேசத்தில், வயநாடன் செட்டிகளும் முள்ளுக்குறும்பரும் தலைமுறைகளாக நெல் விளைவித்துவரும் தாழ்வயல்களுக்கு அப்படியே பொருந்திவிடாது. இந்த அமில மண்ணில் உரத்துக்கு முன்பு சுண்ணாம்பைப் பற்றியல்லவா பேசவேண்டும்! அன்றியும், 1969-ஆம் ஆண்டின் ஜன்ம நில (பரம்பரை நிலவுரிமை) ஒழிப்புச் சட்டத்துக்குப் பின்னும் தீராத வியாஜ்ஜியங்களால் பட்டா இன்றி உழுவோர் இங்கே அநேகர். ஆகவே, வேளாண்மைப் பல்கலைக்கழகத்தார் இவ்வயல்களிலேயே சோதனைத் திடல்கள் அமைத்து, பட்டா எண் கேளாமலே யோசனை வழங்க ஏற்பாடு செய்யுமாறு வேண்டுகிறேன்.

இங்ஙனம்,
ஒரு வாசகர்,
தேவர்சோலை.