யார் வீட்டுப் பிள்ளை?

டெனி வில்நெவ் 2013-இல் எடுத்த 'பிரிஸனர்ஸ்' படத்தை மறுபடியும் பார்த்தேன். மகளும் நண்பர் வீட்டுச் சிறுமியும் காணாமல் போகிறார்கள். சந்தேகத்தில் பிடித்த இளைஞனை ஆதாரமில்லை என்று போலீஸ் விட்டுவிடுகிறது. தகப்பன் ஹியூ ஜாக்மேன் அவனைத் தூக்கிக்கொண்டு போய்ப் பாழடைந்த கட்டடத்தில் அடைத்து வதைக்கிறான். முகம் வீங்கிக் கண் மூடிப்போன பிறகும் அவனிடமிருந்து ஒன்றும் தேறவில்லை. கடைசியில் பார்த்தால், அவனே சின்ன வயதில் கடத்தப்பட்ட பிள்ளை!

எல்லோரும் ஜாக்மேனைப் பற்றியே பேசுகிறார்கள். எனக்குக் குடைச்சல் தருவது இன்னொரு சிறுமியின் பெற்றோர்தான். கணவன் பதறுகிறான். மனைவி நேரில் போய் அந்த முகத்தைப் பார்த்துவிட்டு வருகிறாள். பிறகு ஒரு வழி சொல்கிறாள்: நாம் கை வைக்கவும் வேண்டாம், தடுக்கவும் வேண்டாம். பெற்ற வயிறு பற்றி எரியும்போது அப்படித்தான் தோன்றும். எனக்கும் தோன்றலாம்.

ஆனால் அத்திமூரில் யார் வயிறு எரிந்தது? திருவண்ணாமலை மாவட்டம், போளூர் பக்கம். 2018 மே மாதம் குலதெய்வக் கோயிலுக்கு ஒரு குடும்பம் காரில் வந்தது. வழியில் பிள்ளைகளுக்குச் சாக்லேட் கொடுத்தார்கள். பிள்ளை பிடிக்கிறவர்கள் என்று ஊரே திரண்டு அடித்ததில் 65 வயது அம்மா ஒருவர் செத்தே போனார். சிலர் செல்போனில் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். அதே வாரம் பழவேற்காட்டில் ஒருவரை அடித்துப் பாலத்தில் தொங்கவிட்டார்கள். வாட்ஸ்அப்பில் வந்த வதந்தியைத் தவிர இரண்டு இடத்திலும் கையில் ஒன்றுமில்லை. ஒரேயடியாக ஐந்து சாட்டுகளுக்கு மேல் ஃபார்வர்டு செய்ய முடியாதபடி ஜூலையில் வாட்ஸ்அப் நிறுவனம் கட்டுப்பாடு அறிவித்தது. பிணம் விழுந்த பிறகு.

அந்தச் சமயத்தில் இங்கே ஆந்திராவில், ஏர்பேட்டில், ஸ்ரீகாளஹஸ்தி ரோட்டோரம், சைக்கிளில் போர்வை விற்க வந்த வடநாட்டுப் பையனைச் சுற்றிப் பத்துப் பேர் நின்றார்கள். ஒருவன் மூட்டையைப் பிரித்தே விட்டான். டீக்கடை அக்கா கரண்டியும் கையுமாக வெளியே வந்து ஒரே கேள்விதான் கேட்டார்: "எவரி பிட்ட கனபடலேதுரா?" யார் பிள்ளையடா காணோம்?

ஒருவனுக்கும் ஒரு பேர் சொல்லத் தெரியவில்லை. ஆனாலும் பையனுடைய ஆதார் கார்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்த பிறகுதான் விட்டார்கள்.