புது வண்டின்னா அப்படித்தான்

"புது வண்டின்னா அப்படித்தான் சார் இருக்கும்." சைக்கிள் கடைகளுக்கு என்று ஒரு தேசிய கீதம் இருந்தால் அது இந்த வரிதான். பிரேக் உரசுகிறதா? புது வண்டி. கியர் விழவில்லையா? புது வண்டி. பின்சக்கரம் பாம்பு மாதிரி நெளிகிறதா? புது வண்டிதானே சார், ஓட ஓட செட் ஆயிடும். பழைய பொருளில் பழுது வந்தால் அது பழசு என்பதால். புதுப் பொருளில் பழுது வந்தால் அது புதுசு என்பதால். அப்படியென்றால் நாம் காசு கொடுத்து வாங்கியது எதை?

விஷயத்துக்கு வருகிறேன். மூலக்கொத்தளத்திலிருந்து பழவேற்காட்டுக்கும், பிறகு அதைத் தாண்டியும் போவதற்காக ஒரு டூரிங் சைக்கிள் வாங்கினேன். கடையின் பெயரும் கம்பெனியின் பெயரும் இங்கே தேவையில்லை. பெயரைச் சொன்னால் 'ஓ, அந்த பிராண்டா?' என்று சிரித்துவிட்டு நீங்கள் அடுத்த பக்கம் போய்விடுவீர்கள். இது ஒரு பிராண்டின் கதை இல்லை. முதல் 150 கிலோமீட்டருக்குள் நடந்தவை இவை: இடது கிராங்க் கழன்று ஆடியது, பின்சக்கரத்தில் இரண்டு போக்ஸ் கம்பிகள் அடுத்தடுத்து அறுந்தன, பின்பக்க அச்சில் கோன் இறுகிப்போய் சக்கரம் கையால் சுற்றினாலே கரகரவென்றது. கேரியரில் இருந்த சுமை 14 கிலோ. அந்தக் கேரியரின் மேலேயே 25 கிலோ என்று அச்சடித்திருக்கிறது.

கடைக்காரர் கேட்ட முதல் கேள்வி, "ஓவர்லோடு போட்டீங்களா சார்?" இரண்டாவது கேள்வி, "பள்ளத்துல எறக்கிட்டீங்களா?"

இந்த இரண்டு கேள்விகளையும் கவனியுங்கள். டூரிங் சைக்கிள் என்பதன் பொருளே சுமையோடு தூரம் போகிற சைக்கிள். வடசென்னையில் பள்ளத்தில் இறங்காத சைக்கிள் என்று ஒன்று இருந்தால் அது சுவரில் மாட்டிய சைக்கிள். குடையை வாங்கிக்கொண்டு போனவனிடம் "மழையில பிடிச்சீங்களா?" என்று கேட்பதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

கம்பி ஏன் அறுகிறது என்பதைக் கொஞ்சம் பார்ப்போம். சக்கரத்தின் கம்பிகள் எல்லாமே இழுவிசையில் நிற்கின்றன. சக்கரம் சுற்றும்போது, தரைக்கு நேர் மேலே வரும் கம்பியின் இழுவிசை ஒரு கணம் குறையும், மேலே போனதும் மறுபடி ஏறும். கம்பிகளைச் சரியாக முறுக்கியிருந்தால் இந்த ஏற்ற இறக்கத்தை அவை பல ஆயிரம் கிலோமீட்டர் தாங்கும். தளர்வாக விட்டிருந்தால், கீழே வரும் ஒவ்வொரு முறையும் கம்பி தொய்ந்து, அச்சுக்குள் வளைந்து நுழையும் கழுத்தில் ஆடும். இந்தச் சக்கரத்தின் சுற்றளவு சுமார் 2.15 மீட்டர். 150 கிலோமீட்டருக்கு அது ஏறக்குறைய 70,000 முறை சுற்றும். ஒரு கம்பியைக் கையில் வைத்து 70,000 முறை ஆட்டிப் பாருங்கள். அது அறுந்ததற்குக் காரணம் என் 14 கிலோ இல்லை, சக்கரத்தைக் கட்டியபோது யாரோ மிச்சப்படுத்திய பத்து நிமிடம்.

கிராங்க் கதை இன்னும் எளிது. சதுர அச்சில் மாட்டும் கிராங்குக்கு அதன் போல்ட்டை ஏறக்குறைய 40 நியூட்டன் மீட்டர் விசையில் முறுக்க வேண்டும். முறுக்காமல் விட்டால் ஒவ்வொரு மிதியிலும் அலுமினியத் துளை கொஞ்சம் கொஞ்சமாக அகலும். ஒருமுறை அகன்றுவிட்டால் பிறகு எவ்வளவு முறுக்கினாலும் நிற்காது. ஆக, "ஓட ஓட செட் ஆயிடும்" என்பது வெறும் சமாதானம் இல்லை, ஆபத்தான பொய். ஓட ஓட அது கெட்டுத்தான் போகும்.

நியாயமாகவே பேசுவோம். புது சைக்கிளில் சில விஷயங்கள் ஓடித்தான் அமரும். பிரேக், கியர் கேபிள்களின் உறை அமுங்கி கேபிள் கொஞ்சம் தளரும். டிஸ்க் பிரேக் முதல் சில கிலோமீட்டர் கத்தும். சக்கரம் மில்லிமீட்டர் கணக்கில் கோணும். இவற்றைச் சரிசெய்யத்தான் முதல் சர்வீஸ். ஆனால் ஒரு பாகம் உடைவது, கழல்வது, கிரீஸே இல்லாமல் வருவது, மரை பிசகி ஏறுவது எல்லாம் 'அமர்வது' ஆகாது. இடது பெடலின் மரை எதிர்த்திசையில் ஏறும். அது தெரியாமல் அடித்து ஏற்றிய பெடல் என்றைக்கும் செட் ஆகாது. இந்த இரண்டு வகையையும் ஒரே வாக்கியத்தால் மூடிவிடுவதுதான் கடைக்காரரின் சாமர்த்தியம்.

ஆனால் என் கோபம் கடைக்காரரோடு நிற்கவில்லை. கடையில் சைக்கிளைப் பூட்டுகிற பையன் மீது அது துளியும் இல்லை. கம்பெனியிலிருந்து சைக்கிள் பெட்டியில் துண்டு துண்டாக வருகிறது. பூட்டுவதற்கு ஆகும் நேரத்துக்கு யாரும் கணக்குப் போடுவதில்லை. ஒரு நாளைக்கு எத்தனை பெட்டி பிரித்தாய் என்பதுதான் கணக்கு. அவன் கையில் டார்க் ரெஞ்ச் இல்லை, இருக்கிறதெல்லாம் அவசரம். ஆன்லைனில் இன்னும் மோசம். '85 சதவீதம் பூட்டப்பட்டது' என்று போட்டு, ஒரு எல் வடிவச் சாவியை உள்ளே வைத்து அனுப்பிவிடுகிறார்கள். மீதி 15 சதவீதத்தில் என்ன இருக்கிறது தெரியுமா? ஹேண்டில்பார், முன்சக்கரம், பெடல், பிரேக். அதாவது உயிர். முக்கால்வாசி வெந்த சோற்றைப் பொட்டலம் கட்டி, மீதியை வீட்டில் வேகவைத்துக்கொள்ளுங்கள் என்று கொடுத்தால் எந்த ஓட்டலாவது நடக்குமா?

நான் சாஃப்ட்வேர் எழுதிப் பிழைக்கிறவன். இந்த மனநிலை எங்கிருந்து வருகிறது என்று எனக்கு நன்றாகத் தெரியும். முதலில் அனுப்பு, பிறகு திருத்து. பிழையை வாடிக்கையாளர் கண்டுபிடிக்கட்டும், அடுத்த அப்டேட்டில் பார்த்துக்கொள்ளலாம். ஒரு செயலியில் பட்டன் வேலை செய்யவில்லை என்றால் எரிச்சல் வரும், அவ்வளவுதான். எண்ணூர் எக்ஸ்பிரஸ் சாலையில் முன்னால் ஒரு கன்டெய்னர் லாரி, பின்னால் ஒரு கன்டெய்னர் லாரி, நடுவில் கிராங்க் கழன்றால் எந்த அப்டேட்டும் வந்து சேராது. சிமுலேட்டரில் சரிபார்க்க வேண்டியதை மனித உடம்பின் மேல் சரிபார்க்கும் துணிச்சலை இரும்பு விற்கிறவர்கள் எங்கே கற்றுக்கொண்டார்கள்?

இத்தனைக்கும் சென்னை சைக்கிள் தெரியாத ஊர் இல்லை. 1949இல் இங்கிலாந்தின் டியூப் இன்வெஸ்ட்மெண்ட்ஸோடு சேர்ந்து முருகப்பா குழுமம் தொடங்கிய டிஐ சைக்கிள்ஸின் ஆலை அம்பத்தூரில் வந்தது. ஹெர்குலிஸும் பிஎஸ்ஏவும் அங்கிருந்து புறப்பட்டு ஊர் ஊராகப் போயின. காசிமேட்டில் மீன் கூடை ஏற்றிய பழைய கறுப்புச் சைக்கிளைப் பார்த்திருப்பீர்கள். அதன் கம்பிகளை எண்ணிப் பாருங்கள். முன்னால் 32, பின்னால் 40. பாரம் எங்கே விழும் என்று அந்தச் சைக்கிளை வடிவமைத்தவனுக்குத் தெரிந்திருக்கிறது. 'டூரிங்' என்று பெயர் வைத்து என்னிடம் விற்ற வண்டியில் பின்னாலும் 32தான். எழுத்துக்கு மட்டும் நல்ல பெயின்ட்.

இன்னொரு விஷயமும் உண்டு. அந்தக் கறுப்புச் சைக்கிள் உடையாமல் ஓடியது கம்பெனியின் புண்ணியத்தால் மட்டுமல்ல. வாங்கியவுடன் அதைத் தெரு மெக்கானிக்கிடம் கொண்டுபோய்ப் பிரித்து, கிரீஸ் வைத்து, சக்கரத்துக்குப் பெண்டு எடுத்து, மறுபடி பூட்டி வாங்குவது வழக்கமாக இருந்தது. எங்கள் தெரு மெக்கானிக் என் பின்சக்கரத்தைக் கழற்றி, கம்பிகளை இரண்டிரண்டாக விரலால் நெருக்கிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "தம்பி, இது வீலு இல்ல, வளையல். கம்பி எதுவும் வேலை செய்யல." "ஏண்ணே, புதுசுதானே?" என்றேன். "புதுசுதான். ஆனா யாரும் இன்னும் செய்யலியே" என்றார். இதைவிடச் சரியான விமர்சனத்தை நான் படித்ததில்லை.

ஆனால் இதில் ஒரு அநியாயமும் ஒளிந்திருக்கிறது. கம்பெனி முடிக்காத வேலையை மெக்கானிக் முடிக்கிறார், கூலியை நாம் கொடுக்கிறோம். அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு விலையில்லா சைக்கிள் கொடுக்கும் வாரத்தில் பக்கத்து மெக்கானிக் கடையைப் போய்ப் பாருங்கள். புது சைக்கிளோடு பிள்ளைகள் வரிசையில் நிற்பார்கள். விலையில்லாத சைக்கிளுக்கும் முதல் செலவு வீட்டிலிருந்துதான். அந்த அம்மாவிடம் போய் 'டூல் கிட் வாங்கிக்கோங்க, யூடியூப் பாருங்க' என்று சொல்வீர்களா?

இங்கேதான் நம் ஆட்களிடம் வருகிறேன். சைக்கிள் குழுக்களில் இருக்கிற, பயணக் கட்டுரை படிக்கிற, எழுதுகிற நம்மிடம். பழுது என்று ஒருவன் சொன்னால் நாம் கொடுக்கும் பதில்கள் மூன்று. 'இந்த விலைக்கு இவ்ளோதான் ப்ரோ.' 'நீயே சரிசெய்யக் கத்துக்கோ.' 'பயணம்னா அதுதான் அனுபவம்.' மூன்றுமே கம்பெனிக்குச் சம்பளம் வாங்காமல் செய்யும் வேலை.

விலைக்குத் தக்க தரம் என்றால் எடை கூடலாம், கியர் குறையலாம், பெயின்ட் மங்கலாம். பிரேக்கும் கிராங்கும் நிற்பது விலைப்பட்டியலில் ஒரு கூடுதல் வசதி அல்ல. கற்றுக்கொள்வது நல்லது, நானும் கற்றுக்கொள்கிறேன்; ஆனால் என் திறமை அவர்கள் கடமைக்கு மாற்று இல்லை. இந்த வாதத்துக்குத் துணையாக ராபர்ட் பிர்சிக்கின் 1974ஆம் ஆண்டு மோட்டார் சைக்கிள் நூலைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். அதே நூலில், அக்கறையில்லாத மெக்கானிக்குகள் தன் இன்ஜினை எப்படிப் பாழாக்கினார்கள் என்று அவர் பொருமும் பகுதியை வசதியாக மறந்துவிடுவார்கள். அனுபவம் என்ற மூன்றாவது பதில்தான் மிக மோசம். அறுந்த கம்பியை ஞானமாக்கி எழுதுகிறவன், அதைத் தளர்வாகக் கட்டியவனுக்கு ரசீது எழுதிக் கொடுக்கிறான்.

சட்டம் நம்மைவிடத் தெளிவாக இருக்கிறது. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், விற்றவர் சொன்ன தரத்தில் குறைவு இருந்தாலே அதைக் குறைபாடு என்கிறது. குறைபாடுள்ள பொருளை, பில்லில் சொன்ன காலத்துக்குள், அப்படி எதுவும் சொல்லாவிட்டால் 30 நாட்களுக்குள், திரும்ப எடுத்துப் பணம் தர மறுப்பது நியாயமற்ற வணிக நடைமுறை. பொருளால் ஒருவருக்குத் தீங்கு நேர்ந்தால், அதைப் பூட்டுவதிலும் சோதிப்பதிலும் உரிய கவனம் காட்டாத விற்பனையாளரும் பொறுப்பு என்று பிரிவு 86 சொல்கிறது. பூட்டுவது யார் வேலை என்ற கேள்விக்கு அதில் பதில் இருக்கிறது. அது உங்கள் வேலை இல்லை.

ஆகவே செய்ய வேண்டியது இதுதான். பில் இல்லாமல் வாங்காதீர்கள். பெட்டி பிரிக்கும்போதே படம் எடுங்கள். கடையிலேயே சக்கரத்தைச் சுற்றிப் பாருங்கள், கம்பிகளை நெருக்கிப் பாருங்கள், கிராங்கை ஆட்டிப் பாருங்கள். பழுது வந்தால் வாயால் சொல்லாமல் எழுத்தில் சொல்லுங்கள். மறுத்தால் 1915 என்ற எண்ணுக்குப் பேசுங்கள். அதற்கும் மசியாவிட்டால், நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே இரண்டு வருடத்துக்குள் மனு கொடுக்கலாம். ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் இல்லை, வக்கீலும் கட்டாயமில்லை.

கம்பெனிகளிடம் கேட்க எனக்கு ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது. ஒவ்வொரு சைக்கிளோடும் ஒரு தாள் கொடுங்கள். எந்த போல்ட் எவ்வளவு முறுக்கப்பட்டது, எந்தச் சக்கரம் சரிபார்க்கப்பட்டது, யார் பூட்டியது, அந்த வேலைக்கு அவருக்கு எவ்வளவு கொடுத்தீர்கள். கீழே அவர் கையெழுத்து, அதற்குக் கீழே உங்கள் கையெழுத்து. அந்தத் தாளில் கையெழுத்துப் போடத் துணிவில்லாத வண்டியை, என்னை மட்டும் எந்த தைரியத்தில் ஏறி மிதிக்கச் சொல்கிறீர்கள்?