மொறுமொறுப்பான காலை ஆகாரம்

எலுவன்குளம் போன்ற கரையோர ஊர்களிலும், கஞ்சியை வாயில் வைத்ததும் ஓங்காளிக்கும் பிள்ளைகள் சிலர் உண்டு. அதைப் பிடிவாதம் என்று வைதல் தகாது. கூழான பதம் அவர்கள் நாவுக்கு ஒவ்வாதது. 2013ஆம் ஆண்டு அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் வெளியிட்ட நோய் வகைப்பாட்டு நூலில், இத்தகைய உணவொதுக்கம் கடுமையானால் ஒரு கோளாறென்றே இடம்பெற்றுளது.

நாம் அவர்களுக்குச் செய்வது இது. இரண்டு கோப்பை ஓட்ஸைத் தாச்சியில் இளந்தணலில் வாசம் எழ வறுத்து, அரைக் கோப்பை தேங்காய்ப்பூவையும் தனியே ஈரமற வறுத்தெடுக்க வேண்டும். கால் கோப்பை பனங்கட்டியைச் சிறிது நீரில் காய்ச்சி, பாகு கம்பிப் பதத்தைக் கடந்து இறுகும் தறுவாயில் இரண்டையும் கொட்டிக் கிளறித் தட்டில் பரப்புக. சூட்டில் மெத்தென்றே இருக்கும். ஆறிய பின்னரே மொறுமொறுக்கும். அவசரப்பட்டு மேலும் வறுத்தால் கசந்துவிடும். ஓட்ஸ் நம் மண்ணில் விளைவதன்று. கிடையாதபோது அவலும் ஆகும்.

கடற்காற்றின் ஈரம் பட்டால் விரைவில் நமுத்துவிடும். ஆதலின் இறுக மூடிய பேணியில் வைக்க. பாலை மேலே ஊற்றினால் மீண்டும் கஞ்சிதான்! தனிக் குவளையில் கொடுப்போம். சிறு பிள்ளைக்கு முழு முந்திரிப்பருப்புச் சேர்க்கலாகாது; தொண்டையில் சிக்கும். பிள்ளை மெலிந்துவந்தால் வைத்தியரிடம் காட்டுக.